இருநூறு பேர்

ஏரிக்கு நடுவே மூங்கில் கழிகளை வரிசையாக அடித்து, இதற்கு வடக்கே சுல்தான் சீமை, தெற்கே ராயர் சீமை என்று சிப்பாய்கள் சொல்லிவிட்டுப் போனபோது, திரௌபதி கல்யாணமாகி மணல்மேட்டுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அவள் பிறந்தது பனந்திட்டில். கழிகளுக்கு வடக்கே, தண்ணீர் சூழ்ந்த ஒரு திட்டு. இரண்டு குப்பத்துக்கும் நடுவில் பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். கோல் ஊன்றித் தோணியைத் தள்ளிக்கொண்டு போனால் உலை கொதிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அதுவரை ஏரிக்கு எல்லை என்று ஒன்று இருந்ததாக யாருக்கும் தெரியாது. முறைதான் இருந்தது. எந்தத் துறையில் என்றைக்கு யார் வலை போடுவது என்பதை இரண்டு குப்பத்துத் தலைவர்களான நாட்டார்களும் ஒன்றாக உட்கார்ந்து பிரித்துக்கொள்வார்கள். அதைப் பாடு என்பார்கள். பாடு பிரிக்கிற அன்று பனந்திட்டார் மணல்மேட்டில் சாப்பிடுவார்கள். அடுத்த வருஷம் மணல்மேட்டார் அங்கே போய்ச் சாப்பிடுவார்கள். திரௌபதியைத் தேசப்பன் முதலில் பார்த்ததே அப்படி ஒரு சாப்பாட்டில்தான்.

கழி நட்டபிறகு சண்டை சின்னச் சின்னதாக வந்தது. வடக்கேயிருந்து ஒரு படகு வந்து தெற்குக் காவல் குடிசையைக் கொளுத்திவிட்டுப் போகும். தெற்கேயிருந்து பத்துப் பேர் போய் வடக்கே கட்டியிருந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். மாடு எந்த ராஜாவினுடையதும் இல்லை; எளாவூர்ப் பக்கத்துக் குடியானவனுடையது. பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த வெள்ளைக்கார உலாந்தா வியாபாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு, யார் கை ஓங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் பிடிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டு, தங்கள் பக்கத்துத் தண்ணீரிலேயே வலையைப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

ஐப்பசிக் காற்று எழுந்த ஒரு நாள் தேசப்பனின் வலை கட்டறுந்து கழிகளைத் தாண்டிப் போய்விட்டது. வலை போனால் சோறு போயிற்று. அவன் தாண்டிப் போய் அதை இழுத்துக்கொண்டு வந்தான். வடக்குச் சிப்பாய்கள் அவனைப் பார்த்தும் சுடவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அவன் கரை ஏறியதும் தெற்குச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டார்கள். எதிரி ஏன் உன்னைச் சுடவில்லை, அங்கே உனக்கு யாரைத் தெரியும் என்று கேட்டார்கள். என் பெண்டாட்டியின் தம்பி இருக்கிறான் என்று தேசப்பன் உள்ளதைச் சொன்னான்.

மறுநாள் காலை மணல்மேட்டு நாட்டார் தசரதன் திரௌபதியைத் தளவாயிடம் கூட்டிக்கொண்டு போனார். ராயரின் ஆளாக அந்தக் கரையைக் காக்க வந்த தளவாய், உப்பளத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தார். நாற்பது வயதுக்காரர். சத்தம் போடாமல் பேசுகிறவர். தேசப்பனைக் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பூவரச மரத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். அவன் முகம் ஒரு பக்கமாக வீங்கியிருந்தது.

"சாமி, வல போய்ட்ச்சுனுதான் போனாரு. வேற ஒண்ணியும் இல்ல" என்றாள் திரௌபதி.

"நானும் அப்படித்தான் நினைக்கிறேன்" என்றார் தளவாய். "ஆனால் என் ஆட்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள். அவர்களை நம்ப வைக்க வேண்டும். உன் தம்பி பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி என்று நாட்டார் சொன்னார். நீ போய்ப் பார்ப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே எத்தனை சிப்பாய், எத்தனை துப்பாக்கி, பீரங்கி உண்டா என்று கண்ணால் பார்த்துவிட்டு வா. வந்ததும் உன் புருஷனைக் கூட்டிக்கொண்டு போ."

திரௌபதி நாட்டாரைப் பார்த்தாள். அவர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கருவாடும் சுக்கும் ஒரு சட்டி எண்ணெயும் எடுத்துக்கொண்டு தோணியைத் தள்ளிக்கொண்டு போனாள். கழிகளுக்கு அருகே வடக்குக் காவல்காரன் ஒருவன் படகில் உட்கார்ந்திருந்தான். எங்கே என்று கேட்டான். பிள்ளைப்பேறு பார்க்க என்றாள். கருவாட்டில் ஒரு கை எடுத்துக்கொண்டு விட்டுவிட்டான்.

பனந்திட்டில் அவள் நினைத்துப் போனது வேறு, பார்த்தது வேறு. சுல்தானின் படை என்றால் குதிரையும் கொடியுமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருபது ஆள் இருந்தார்கள். அதிலும் பாதிப் பேர் குளிர்காய்ச்சலில் பனையோலைப் பாயில் சுருண்டு கிடந்தார்கள். பீரங்கி என்று ஒன்று இருந்தது. அதன் வண்டிச் சக்கரம் சேற்றில் புதைந்து, மேலே யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். காய்ச்சல் இல்லாதவர்கள் வலை இழுக்கக் கூடப் போய், கூலியாக மீன் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"சோறு வரலக்கா அவுனுங்களுக்கு" என்றான் தம்பி வேதாசலம். "அவுனுங்க தலைவரு அவல்தாரு மேற்க எங்கியோ சண்டைக்குப் பூட்டாராம். இவுனுங்கள மறந்தே பூட்டாங்க. மழ விட்டதும் கெளம்பிடுவோம்னு சொல்லினுகீறானுங்க. பாவம், நம்மள இம்சை பண்ணல. உங்க பக்கத்து ஆளுங்க கொஞ்சம் சொம்மா இருந்தா போதும். தானா காலியாய்டும்."

அவன் பெண்டாட்டி ஜெயம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எட்டாவது மாசம். "அண்ணி, இந்த வாட்டி தங்கும்னு தோணுது" என்றாள். முன்னால் இரண்டு தங்கவில்லை. திரௌபதி அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். மாமா எப்படி இருக்கிறார் என்று வேதாசலம் கேட்டபோது, வலை பழுது பார்க்கிறார் என்று சொல்லிவிட்டாள். மரத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னால் எதற்காக வந்தாய் என்று அடுத்த கேள்வி வரும்.

திரும்பி வரும்போது அவள் கோலை மெதுவாக ஊன்றினாள். இருபது பேர், பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்று உள்ளதைச் சொன்னால் தளவாய் நாளைக்கே ஆள் அனுப்புவார். அடித்துவிட்டு வருவது அவ்வளவு சுலபம். அடிக்கிறவன் சிப்பாய்க் குடிசை எது, தம்பி குடிசை எது என்று கேட்டுவிட்டா கொளுத்துவான்? எதுவும் தெரியவில்லை என்று சொன்னால் தேசப்பன் மரத்திலேயே கிடப்பான். நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொன்னால்? பயந்து பின்வாங்குவார். மழை விடுகிறவரை பின்வாங்கினால் போதும். தம்பி சொன்னபடி அவர்கள் தானாகக் கிளம்பிவிடுவார்கள். இப்படி நினைத்ததும் அவளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. புருஷனையும் தம்பியையும் ஒரே பேச்சில் காப்பாற்றிவிடலாம் என்று பட்டது.

"இருநூறு பேர் இருக்கும் சாமி" என்றாள் தளவாயிடம். "எங்க பாத்தாலும் துப்பாக்கி. பீரங்கி பனமரத்துக்குப் பின்னால வரிசையா வெச்சிருக்காங்க. இன்னும் வருவாங்கனு பேசிக்கிறாங்க."

தளவாய் அவளை நிதானமாகப் பார்த்தார். "இருநூறு" என்றார். பக்கத்தில் இருந்தவனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். பிறகு தலையை ஆட்டினார். தேசப்பனை அவிழ்த்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் புருஷனுக்கு மட்டும் உண்மையைச் சொன்னாள். அவன் வீங்கிய முகத்தோடு சிரித்தான். "நீ கெட்டிக்காரிதான்டி" என்றான். அப்புறம் கொஞ்ச நாள் ஏரியில் வெடிச் சத்தமே கேட்கவில்லை. தெற்குச் சிப்பாய்கள் கழிப் பக்கமே போகவில்லை. திரௌபதி குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாள்.

அவர்கள் போகாததற்குக் காரணம் பயம் இல்லை என்பது மெல்லத்தான் தெரிந்தது. எதிரி இருநூறு பேரைக் குவித்திருக்கிறான், பெரும்படை வரப்போகிறது என்று தளவாய் ராயர் இருந்த சந்திரகிரிக்கு ஆள் மேல் ஆள் அனுப்பியிருந்தார். அங்கிருந்து படை வந்தது. பழவேற்காட்டுத் தரகர்கள் வழியாக வெடிமருந்துப் பீப்பாய்கள் வண்டி வண்டியாக வந்தன. தோணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி அவற்றின் மேல் பீரங்கி ஏற்றினார்கள். மணல்மேட்டில் இருந்த எல்லாத் தோணியும், அவற்றைத் தள்ள எல்லா ஆம்பிளையும் வேண்டும் என்று நாட்டாருக்கு உத்தரவு வந்தது.

திரௌபதி ஓடிப்போய்த் தசரதனின் காலைப் பிடித்தாள். "நாட்டாரே, அங்க யாரும் இல்ல. நான் பொய் சொல்ட்டேன். இருபது பேருதான், அதுவும் காய்ச்சல்ல கெடக்குறாங்க. போய்ச் சொல்லுங்க."

தசரதன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? உன் தலையும் போவும், உன் புருஷன் தலையும் போவும். இத்தினி படைய வரவழிச்சிட்டு, இல்லனு அவரு போய் ராயர்கிட்ட சொல்லுவாரா? வாய மூடு."

அன்று மாலை வரை அவள் தோணிக்காகக் கரையெல்லாம் அலைந்தாள். ஒரு கட்டுமரம்கூட இல்லை. எல்லாவற்றையும் கூடாரத்துப் பக்கம் இழுத்துக் கட்டிக் காவல் போட்டிருந்தார்கள். நீந்திப் போகலாம் என்று இறங்கியவளை இரண்டு பெண்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

விடிந்து வெயில் ஏறியதும் படை கிளம்பியது. தேசப்பனும் கோலோடு போனான். போகும்போது அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் மேட்டில் நின்று பார்த்தார்கள். முதல் பீரங்கி வெடித்தபோது ஏரியில் இருந்த நாரைகளெல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. பிறகு வெடி நிற்கவே இல்லை. இருநூறு பேருக்கு என்று கொண்டு போன மருந்து, தீருகிறவரை சுட்டார்கள். பனந்திட்டு இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. பொழுது சாய்ந்த பிறகும் புகை அடங்கவில்லை.

தேசப்பன் திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தான். அவன் காது மந்தமாகியிருந்தது. அவள் எதையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"மொத வெடிக்கே சிப்பாய்ங்க சேத்துல எறங்கி ஓடிட்டானுங்க. காய்ச்சக்காரனுங்ககூட எழுந்து ஓடிட்டானுங்க. குடிசைல இருந்தவங்கதான் மாட்னாங்க. இவுனுங்க எறங்கவே இல்ல, தூரமா நின்னுகினு சுட்டுகினே இருந்தானுங்க. இருநூறு பேரு எங்கியோ பதுங்கிகினு கீறாங்கனு பயம்."

"வேதாசலம்?"

"இருக்கான். பாத்தேன்."

"ஜெயம்மா?"

தேசப்பன் தனக்குக் காது கேட்கவில்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேட்டிருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

சில நாள் கழித்துத் தளவாய் குப்பத்தாரையெல்லாம் கூட்டினார். வெற்றிக்காக ஆட்டுக்கிடா வெட்டிச் சோறு போட்டார்கள். சுல்தான் சிப்பாய்கள் இருநூறு பேரைத் துரத்தி அடித்த கதையை ஒருவன் உடுக்கை தட்டிப் பாடினான். தளவாய் திரௌபதியை முன்னால் அழைத்து, ஒரு பட்டுச் சேலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். "இந்தப் பெண் பிறந்த வீட்டைப் பார்க்கவில்லை, ராயர் உப்பைப் பார்த்தாள்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

தட்டை வாங்கக் குனிந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள். "சாமி, அங்க இருநூறு பேர் இல்ல. உங்களுக்கே தெரியும்."

தளவாய் சிரித்தார். அந்தச் சிரிப்பு கெட்ட சிரிப்புகூட இல்லை. ஒரு பிள்ளையிடம் சிரிப்பதுபோல் இருந்தது. "நீ இருநூறு என்றாய். நான் இருநூறு என்று சந்திரகிரிக்குச் சொன்னேன். அவர்கள் இருநூறு பேருக்கான படையைக் கொடுத்தார்கள். இனிமேல் அது இருநூறுதான் அம்மா. வாங்கிக்கொள்."

அவளுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அன்றைக்கு அவள் சொன்னதை அவர் நம்பினாரோ இல்லையோ, அப்படி ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். அவளிடம் கேட்டது எண்ணிக்கையே இல்லை, படை வரவழைக்க ஒரு சாக்கு.

பனந்திட்டில் மிஞ்சியவர்கள் மேற்கே, நெல் விளைகிற கிராமம் ஒன்றில், களத்து மேட்டில் ஓலை போட்டுத் தங்கியிருந்தார்கள். திரௌபதி நடந்தே போனாள். வேதாசலம் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவன் வலைக்காரன், அரிவாளைப் பிடிக்கிற பிடியே சரியில்லை. கையெல்லாம் வெட்டுக்காயம்.

அவள் எதையும் மறைக்கவில்லை. மரத்தில் கட்டிய புருஷனையும், தளவாய் கேட்டதையும், தான் சொன்னதையும், ஏன் சொன்னாள் என்பதையும் வரிசையாகச் சொன்னாள். அவன் தீட்டுவதை நிறுத்தவில்லை. முடித்ததும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

"எண்ணெய் தேச்சிவிட்ட அன்னிக்கேவா?"

"ஆமாம்பா."

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லிக்கலாமே அக்கா. ஒரு வார்த்த. நாங்க தோணிய எடுத்துகினு எங்கனா போய்ட்டிருப்போம்."

அந்த ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவே இல்லை. புருஷனை யோசித்தாள், தளவாயை யோசித்தாள், மழையை யோசித்தாள்.

"நீ இருபதுனு சொல்லி இருந்தா, ஒரு நாப்பது பேரு வந்திருப்பான். அவன் இவன சுடுவான், இவன் ஓடுவான், ரெண்டு குடிச எரியும். நீ இருநூறுன்னே. இருநூறுக்கு ஏத்தாப்பல கொண்ணாந்து கொட்டிட்டான்." அவன் அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தான். "இங்க யாருக்கும் இது தெரியாது. நான் சொல்லமாட்டேன். சொன்னா உன்ன வெட்டிடுவாங்க. நீ இனிமே வராத."

மழை விட்டது. அவல்தாரின் ஆட்களும் தளவாயின் ஆட்களும் ஏதோ ஒரு கோயில் தோப்பில் சந்தித்துச் சமாதானம் பேசினார்கள். ராயர் பக்கத்தார் மேற்கே இரண்டு ஊரை வாங்கிக்கொண்டு பனந்திட்டைச் சுல்தானுக்கே விட்டுக்கொடுத்தார்கள் என்று செய்தி வந்தது. சிப்பாய்கள் நட்ட கழிகளைச் சிப்பாய்களே பிடுங்கி அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அதன்பின் ஏரியில் யாரும் காவல் நிற்கவில்லை. தளவாய்க்குச் சந்திரகிரியில் பெரிய பதவி கிடைத்தது. யாருக்கு எதற்காக இத்தனை வெடி என்று கேட்க அந்தக் கரையில் ஆள் இல்லை.

தை பிறந்ததும் பாடு பிரிக்க மணல்மேட்டார் கூடினார்கள். பனந்திட்டு ஆட்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. தசரதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார்.

"அவுங்க துறைங்க நாலும் இனிமே நம்மளுது. சண்டைல நாம ஜெயிச்சோம். சண்டைக்கு நம்ம தோணி போச்சு, நம்ம ஆளுங்க போனாங்க. அதுக்கு ஒரு நாயம் வேணும் இல்ல?"

ஆம்பிளைகள் தலையை ஆட்டினார்கள். பெண்கள் வரிசையில் இருந்து திரௌபதி எழுந்து நின்றாள்.

"யாரு ஜெயிச்சாங்க நாட்டாரே? அங்க இருபது பேருதான் இருந்தான். அவனும் ஓடிட்டான். செத்ததெல்லாம் நம்ம பொண்ணு குடுத்து எடுத்தவங்க. இருநூறுனு சொன்னது நான். அது பொய். உங்களுக்கும் தெரியும், தோணி தள்ளினு போன எல்லாத்துக்கும் தெரியும்."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவன் மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். ஒருத்தி மடியில் இருந்த பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"இருநூறு பேருனு ஊரே பாடுது" என்றார் தசரதன். "பட்டுச் சேல வாங்கனப்போ இது ஞாபகம் வர்லயா? உக்காரு."

அவள் தேசப்பனைத் தேடினாள். அவன் முன்வரிசையில் இருந்தான். தன் கண்ணால் எல்லாம் பார்த்தவன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தான்.

"உக்காருடி" என்றான். "போனது போய்ட்ச்சு. வடக்குத் துற ஒண்ணு நம்ம பங்குக்கு வருது."

அவன் பிடி வலிக்கவில்லை. சாதாரணமாக, சந்தையில் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்கப் பிடிப்பதுபோல்தான் பிடித்தான். அவள் உட்கார்ந்தாள்.

மாசி முழுக்க தேசப்பன் பனந்திட்டாரிடமிருந்து எடுத்த வடக்குத் துறையில்தான் வலை போட்டான். கொழுத்த மடவை மீன் கூடை கூடையாக வந்தது. அவள் பிளந்து, உப்பு வைத்து, மணலில் காயப்போட்டாள். செய்யமாட்டேன் என்று ஒருநாள் கத்தியைத் தூக்கி எறிந்தாள். மீன் அழுகி நாறியது. அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் கத்தியைத் தேடி எடுத்தாள்.

கருவாட்டைக் கூடையில் வைத்து மேற்கே நெல் கிராமங்களுக்குக் கொண்டு போனாள். அறுப்புக் காலம். ஒரு பெரிய குடித்தனக்காரர் அறுப்பு ஆட்களுக்குக் கூழோடு கொடுக்க வேண்டும் என்று கூடை முழுவதையும் நெல்லுக்கு மாற்றிக்கொண்டார். வெயிலில் ஆட்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஆறாவதோ ஏழாவதோ ஆளாக வேதாசலம் இருந்தான். கறுத்து, ஒடுங்கி, தலையில் துண்டு கட்டியிருந்தான். குடித்தனக்காரரின் கணக்குப்பிள்ளை அவளையே கருவாட்டைப் பங்கு வைக்கச் சொன்னார். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். அவன் கை நீட்டினான். வைத்தாள். அவன் அவளை முன்பின் தெரியாதவளைப்போல் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூழைக் குடிக்க ஆரம்பித்தான்.

"மடவ நல்லா கீதே" என்றான் பக்கத்தில் இருந்தவன். "எந்த ஊரு தண்ணிமா?"

"மணல்மேடு" என்றாள் திரௌபதி, அடுத்த கைக்கு நகர்ந்துகொண்டே.